மழைச் சத்தம் கேட்காத அறை

அவர் சிரித்துக்கொண்டு வருகிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். மனைவியின் தோளில் ஒரு கையை வைத்தபடி, ஆஸ்பத்திரி வாசற்படியைத் தானே ஏறி வந்தார். உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டுப் பல் தெரிந்தது. கண்ணில் மட்டும் சிரிப்பு இல்லை.

"காலையில இருந்து வாயத் தொறக்க ஏலாம இரிக்கி மிஸ்ஸி," என்றார் மனைவி. "பல்லுக் கொதியாக்கும் எண்டு நினைக்கிறன். ராத்திரியும் ஒண்டும் தின்னல்ல. தேத்தண்ணி குடுத்த, அதும் கடவாயால வழிஞ்சி போச்சு."

எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். அவர் வாயைப் பார்க்கவில்லை. "காலைக் காட்டுங்கோ," என்றார்.

வலது உள்ளங்காலில் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. மேலே தோல் மூடிவிட்டிருந்தது.

"அது ஆணி குத்தின," என்றார் மனைவி. "தகரத்துல இருந்த பழைய ஆணி. அண்டைக்கே தேங்காயெண்ண காய்ச்சி ஊத்தினம். ஆறிட்டு."

டொக்டர் அந்தப் புள்ளியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாதிகளான எங்களை உள்ளே அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, "ஏற்புவலி. டெட்டனஸ்," என்றார்.

எழுபத்தெட்டின் கடைசியில் அடித்த சூறாவளி எங்கள் கரையை உரித்துப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நிந்தவூரிலிருந்து பெரியநீலாவணை வரை தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து கிடந்தன. மின்சாரம் இன்னும் வரவில்லை. வீடு இருந்தவர்களுக்குக் கூரை இல்லை. இந்த மனிதர் கூரை போடுகிறவர். ஓடு, தகரம், கிடுகு எல்லாம் அவருக்குத் தெரியும். காற்று அடங்கிய மறுநாளிலிருந்து அவர் தரையில் நின்றதே குறைவு என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டுக் குசினியின் தகரத்தைத் திரும்ப ஏற்றியவரும் அவர்தான். அன்று நான் வேலைக்கு வந்துவிட்டதால் முகம் பார்த்திருக்கவில்லை.

நான் அப்போது தாதியாகிப் புதிது. எங்கள் ஊரில் வெள்ளை உடுப்புப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போன முஸ்லிம் பெண்பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஏற்புவலியைப் பாடத்தில் படித்திருந்தேன். பார்த்ததில்லை.

மட்டக்களப்புக்கு அனுப்பலாமா என்று டொக்டர் யோசித்தார். பாலங்கள் பழுதாகி, பாதை குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஒவ்வொரு குலுக்கலும் அவருக்கு ஒரு வலிப்பாக மாறும், போய்ச் சேரமாட்டார் என்று முடிவுசெய்து எங்களிடமே வைத்துக்கொண்டார். வாட்டுக்குப் பின்னால், துணிமணி வைக்கும் சாய்ப்பு அறையை ஒழித்து அவருக்குக் கொடுத்தோம். யன்னலைக் கறுப்புத் துணியால் மூடினோம்.

அன்று டொக்டர் சொன்னதை நான் மறந்ததில்லை. "விஷத்தை முறிக்கிற மருந்து குடுத்தாச்சு. இனி நரம்பில ஏறினது தானா இறங்கவேணும். அதுவரைக்கும் ஆள் உயிரோட இருக்கவேணும் எண்டால் ரெண்டு சாமான்தான் வேணும். நித்திரை, சாப்பாடு. ரெண்டும் உங்கட கையிலதான் இருக்கு."

காரைதீவைச் சேர்ந்த மூத்த தாதி ஒருவர் இருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அந்த அறைக்குப் பகல் வேலைக்குப் போட்டார். இரவில் தானே நின்றார், பகலிலும் பாதி நேரம் வந்து நிற்பார்.

இந்த நோயில் மனிதருக்கு அறிவு மங்குவதில்லை. எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும். ஆனால் ஒரு கரண்டி தட்டில் பட்டாலும், கதவிடுக்கால் வெளிச்சம் விழுந்தாலும், ஈ வந்து நெற்றியில் உட்கார்ந்தாலும், உடம்பில் உள்ள தசை எல்லாம் ஒரே நேரத்தில் இறுகும். முதுகு வில்லாக வளையும். குதிகாலும் பின்தலையும் மட்டும்தான் கட்டிலில் பட்டிருக்கும். கத்துவதற்கும் வாய் திறக்காது. நல்ல பலசாலி அவர். அந்தப் பலமே அவரை முறிக்கப் பார்த்தது.

நாங்கள் செருப்பைக் கழற்றி வைத்தோம். கதவின் கீல்களுக்கு எண்ணெய் போட்டோம். ஊசித் தட்டுக்குள் துணி விரித்தோம். அவர் காதுகளில் பஞ்சு வைத்தோம். ஊசி மருந்து பிடித்து உடம்பு கொஞ்சம் தளர்ந்ததும் உள்ளே போய், வாயைத் துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, உணவு கொடுப்பது என்று எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போய் அவரைத் தொடக்கூடாது.

உணவு மூக்கு வழியாக வயிற்றுக்குள் விட்ட குழாயால். பால், அடித்த முட்டை, சீனி, வடித்த கஞ்சி, மீன் அவித்த தண்ணீர். தலைமாட்டை உயர்த்தி, முந்தி கொடுத்தது வயிற்றில் தேங்கி நிற்கிறதா என்று பார்த்து, புனலைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தன் பாட்டில் இறங்கும்வரை பொறுமையாக நிற்கவேண்டும். அவசரப்பட்டால் மேலே எழும்பி மூச்சுக்குழாய்க்குள் போகும். நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பவன் எரிப்பதைவிட அதிகமாக அந்த உடம்பு கட்டிலில் கிடந்தபடி எரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் எவ்வளவு ஊற்றினாலும் அவருடைய தொடை என் கண் முன்னாலேயே மெலிந்தது.

பெரும்பாலான மாடுகள் சூறாவளி வெள்ளத்தில் செத்துப் பால் கிடைக்காத காலம் அது. ஆனால் நாவிதன்வெளிப் பக்கமிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் தினமும் ஒரு போத்தல் பசும்பால் அனுப்பியது. அவர்களுடைய மாட்டுக் கொட்டிலுக்கு இவர் கிடுகு போட்டுக் கொடுத்திருந்தாராம். முட்டைகள் பையில் வந்து வாசலில் இருக்கும். யார் வைத்தது என்று தெரியாது.

மனைவி வீட்டுக்குப் போகவில்லை. அறைக்கு வெளியே நடையில் ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் நாள் பார்த்தேன், அவருடைய கைகள் வெறுமையாக இருந்தன. கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருந்தவர். அன்று பின்னேரம் அவருடைய மாமி வந்தார். மருமகளின் கையைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போனது.

"என்ன புள்ள வேல இது? அவன் ஹயாத்தோட இரிக்கக்குள்ள நீ ஏன் கையை மூளியாக்கின?"

"சத்தம் போடுது மாமி," என்றார் மனைவி மெதுவாக. "நான் கைய அசைச்சா உள்ளுக்க அவருக்குத் தூக்கிப் போடுது. ஒருக்கா பாத்தன். மறுகா கழட்டிட்டன்."

மாமி தன் கையிலிருந்த இரண்டு காப்பையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் மழை வந்தது.

தை மாதத்து மழை. அந்தச் சாய்ப்பு அறைக்கு மேலே, சூறாவளிக்குப் பிறகு அவசரத்துக்குப் போட்ட நிவாரணத் தகரம். மத்தியானம், ஊசி மருந்து பிடித்து அவர் கண் மூடியிருந்த நேரம், முதல் துளிகள் விழுந்தன. கூரையில் யாரோ பிடி பிடியாகச் சரளைக் கல்லை எறிவதுபோல இருந்தது. அவர் உடம்பு கட்டிலை விட்டு எழும்பியது. நானும் அக்காவும் இரண்டு பக்கமும் நின்று, தலை அடிபடாமல் மட்டும் பார்த்துக்கொண்டோம். பிடித்து அமர்த்தக்கூடாது, எலும்பு முறியும். மழை கொட்டத் தொடங்கியதும் சற்று அடங்கினார். கடலின் இரைச்சல் போல ஒரே சீராக வரும் சத்தம் அவரை அவ்வளவாக வருத்தாது. நின்று நின்று பெய்த மழைதான் கொன்றது. ஒவ்வொரு தடவையும் முதல் துளிகள், ஒவ்வொரு தடவையும் அந்த வளைவு. ஒரு தடவை மூச்சு நின்று முகம் நீலமாகிவிட்டது. டொக்டர் ஓடி வந்து ஊசி ஏற்றினார். நிறம் திரும்பியபோது டொக்டரின் சட்டை முழுக்க வியர்வை.

"இதுக்கு மேல மருந்தைக் கூட்ட ஏலாது," என்றார் வெளியே வந்து. "கூட்டினால் மருந்தே மூச்சை நிப்பாட்டிப்போடும்."

மனைவி அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார். எழுந்து, முக்காட்டை இழுத்துப் போட்டு, யாரிடமும் சொல்லாமல் மழைக்குள் இறங்கி நடந்தார்.

அடுத்த நாள் காலை வானம் வெளித்திருந்தது. நான் வேலைக்கு வரும்போது ஆஸ்பத்திரிப் பின்வாசலில் ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். அவரோடு கூரை வேலை செய்கிறவர்கள், மனைவி போய்ச் சொல்லி வந்தவர்கள். வண்டி நிறையக் கிடுகும் வைக்கோலும் கொண்டுவந்திருந்தார்கள். விழுந்த தென்னைகளின் ஓலையில் பெண்கள் அந்த இரவே இருந்து பின்னிய கிடுகுகள். வண்டியைச் சந்தியிலேயே நிறுத்திவிட்டு, கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் என்னிடம் வந்து காதோடு கதைத்தார்.

"தகரத்துக்கு மேல வைக்கல் பரப்பி, அதுக்கு மேல கிடுகு போட்டா மழ கேக்கா மிஸ்ஸி. ஆணி அடிக்க மாட்டம். கயித்தாலதான் கட்டுவம். டொக்டர் ஐயாட்ட ஒருக்கா கேட்டுச் சொல்லுங்க."

டொக்டர் அறையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "ஊசி போட்ட பிறகு தொடங்கச் சொல்லுங்கோ," என்றார்.

அன்று நான் பார்த்ததைப் போல ஒன்றைப் பிறகு பார்த்ததில்லை. ஏணிகளின் நுனிகளில் சாக்குச் சுற்றியிருந்தது. தகரத்தில் ஒருவர்கூடக் கால் வைக்கவில்லை. இரண்டு பேர் ஏணியில், இரண்டு பேர் வாட்டுச் சுவரின் விளிம்பில் குந்தியபடி, மற்றவர்கள் கீழிருந்து நீட்ட, வைக்கோலைக் கைகளால் தடவித் தடவிப் பரப்பினார்கள். வாய் திறந்து ஒரு சொல் இல்லை. எல்லாம் கையாலும் கண்ணாலும். ஏணியில் நின்ற ஒருவருக்கு இருமல் வந்தது. சாரன் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு மெல்ல இறங்கி, வளவைத் தாண்டி ரோட்டுக்குப் போய் இருமிவிட்டு, திரும்பி வந்து ஏறினார். ஒரு கிடுகு சரிந்து தகரத்தில் விழப் போனபோது சுவரில் இருந்தவர் தன் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினார். ஓலை ஈர்க்குக் கிழித்து மார்பில் இரத்தம் கோடாக இறங்கியது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. இவர்கள் சந்தியில் நின்று கதைத்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் மனிதர்கள்.

நான் உள்ளேயும் வெளியேயும் போய் வந்தேன். அறைக்குள் அவர் அசையாமல் கிடந்தார். தலைக்கு மேலே இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதற்கு அங்கே ஓர் அடையாளமும் இல்லை. மத்தியான ளுஹர் தொழுகை நேரத்துக்கு முன் முடித்துவிட்டு, வந்த மாதிரியே போய்விட்டார்கள்.

அன்று பின்னேரம் மழை வந்தது. நான் அவருடைய வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். இறுகத் தொடங்கினால் முதலில் அங்கேதான் தெரியும். யன்னல் துணியை மெல்ல விலக்கிப் பார்த்தபோது வெளியே முற்றம் வெள்ளமாக ஓடியது. உள்ளே, எங்கேயோ தூரத்து ஊரில் மழை பெய்வதுபோல ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும். என் கைக்குக் கீழே அந்த வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று உதட்டால் மட்டும் சொன்னேன்.

கூரையோடு அது நிற்கவில்லை. யார் யாருக்குச் சொன்னார்களோ, ஆஸ்பத்திரிக்கு முன்னால் வரும் பஸ்கள் ஹோர்ன் அடிப்பதை விட்டன. மீன்காரர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, கூவாமல் தள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்துப் பள்ளிவாசலில் பற்றரியில் ஓடிய ஒலிபெருக்கியைக் கழற்றி வைத்துவிட்டு மோதினார் வெறும் குரலில் பாங்கு சொன்னார். நான் காலையில் வீட்டிலிருந்து நடந்து வரும்போது கடைக்காரர்கள் புருவத்தை உயர்த்திக் கேட்பார்கள். நான் தலையை ஆட்டுவேன், இருக்கிறார் என்று. சந்தையில் நின்றும் அப்படித்தான் கேட்டார்கள். அந்த அறையிலிருந்து அது எவ்வளவு தூரம், அங்கே சத்தமாகக் கேட்டாலும் பாதகமில்லை. ஆனாலும் சைகையால்தான் கேட்டார்கள்.

அப்படியே நாட்கள் போயின. நல்ல நாளும் மோசமான நாளுமாக மாறி மாறி வந்தது. வலிப்புகளின் இடைவெளி நீண்டது. டொக்டர் மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார்.

மருந்தால் மூடிய கண்ணுக்கும் நித்திரையால் மூடிய கண்ணுக்கும் வித்தியாசம் உண்டு. அதுவரை அவர் கண் மூடியிருந்தாலும் விரல்கள் மடங்கியே இருக்கும். நகம் உள்ளங்கையைக் கிழிக்காமல் இருக்கத் துணியைச் சுருட்டி வைத்திருந்தோம். ஒருநாள் பின்னேரம் அசர் தொழுகை நேரம், டொக்டர் ஊசி போடாமல் விட்டுப் பார்க்கச் சொன்ன நாள், நான் உள்ளே போனபோது அந்தத் துணிச்சுருள் தரையில் கிடந்தது. கை திறந்திருந்தது. விரல்கள் ஒரு குழந்தையின் விரல்களைப் போலத் தளர்ந்து கிடந்தன. வாய் சற்றே விலகி, மெல்லிய குறட்டை. மருந்தும் இல்லாமல், எங்கள் உதவியும் இல்லாமல், நித்திரை தன் பாட்டில் அந்த உடம்புக்குத் திரும்பி வந்திருந்தது. எப்படி வந்தது என்று எந்தப் படிப்பாலும் எனக்கு இன்றுவரை சரியாகச் சொல்ல முடியாது.

வெளியே போய் மனைவியைக் கையசைத்துக் கூப்பிட்டேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"மருந்தா?" என்று கேட்டார்.

"இல்ல ராத்தா. அவராத்தான் ஒறங்குறாரு."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். நிலையில் தலையைச் சாய்த்தார். நான் குழாய்க்குப் பால் எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் அவரும் உறங்கிவிட்டார். இவ்வளவு நாளும் அவர் எப்போது உறங்கினார் என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாலைப் பிறகு கொடுக்கலாம் என்று அக்கா சைகை காட்டினார். வாசற்படியில் உறங்கியவரை எழுப்பாமல் உள்ளே போக வழி இருக்கவில்லை.

தாடை கொஞ்சம் தளர்ந்த பிறகு ஒரு காலை அவர் என்னோடு கதைத்தார். பற்களுக்கிடையால் காற்றாக வந்த குரல்.

"மிஸ்ஸி. ஊர்ல ஆக்கள் இரிக்காங்களா?"

எனக்கு விளங்கவில்லை. "எந்த ஆக்கள் காக்கா?"

"பஸ் கேக்கல்ல. பாங்கு கேக்கல்ல. மழையும் கேக்கல்ல. இன்னொரு காத்து அடிச்சி எல்லாரும் மௌத்தாகிட்டாங்க எண்டு நினைச்சன். நீங்க ரெண்டு மிஸ்ஸிமாரும் அந்த டொக்டரும்தான் மிச்சமாக்கும் எண்டு."

இத்தனை நாளும் அந்த இருட்டில் அவர் அப்படி நினைத்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். காதிலிருந்து ஒரு பக்கப் பஞ்சை எடுத்துவிட்டு, குனிந்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். பஸ், மீன்காரர், மோதினார், கிடுகு. அவர் கூரையைப் பார்த்தார். அவருடைய தொழில்தானே.

"ஆணி அடிக்காமலா கட்டின?" என்றார்.

"ஓம்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். தோள் குலுங்கியது. வலிப்பு வந்துவிடுமோ என்று பயந்து கையை வயிற்றில் வைத்தேன். வலிப்பு வரவில்லை. வெறும் அழுகை.

குழாயைக் கழற்றிய பிறகு முதலில் கரண்டியால் தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு குழையப் பிசைந்த சோறு. அந்த முதல் சோற்றை மனைவி வீட்டில் ஆக்கிக்கொண்டு வந்தார், தேங்காய்ப்பாலில் வெள்ளையாக வைத்த பாலாணத்தோடு. விரல் நுனியில் சிறு உருண்டை பிடித்து வாயில் வைத்தார். நானும் அக்காவும் கட்டிலோடு நின்றோம். டொக்டர் வாசலில், வேறு எங்கோ போகிற வழியில் நின்றவர் போல நின்றார். மென்று முடிக்க நீண்ட நேரம் ஆனது. தொண்டை ஏறி இறங்கியது.

"உப்புக் காணா," என்றார் அவர்.

மனைவி சிரித்த சிரிப்பில் வாட்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சத்தம் போடவேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர் வீட்டுக்குப் போகும்போது சட்டை தோளில் தொங்கியது. இரண்டு பேர் பிடித்து நடத்தினார்கள். நெல் அறுப்புக் காலம் கழிந்து திரும்பவும் ஏணி ஏறினார் என்று கேள்விப்பட்டேன்.

அதன் பிறகும் அந்த அறைக்கு அதே நோயோடு ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் பிழைக்கவில்லை. ஓர் இளம் தாயை நாங்கள் அதே மாதிரிப் பார்த்தோம், அதே மாதிரி ஊட்டினோம், ஊரும் அதே மாதிரி அமைதி காத்தது. அவர் போய்விட்டார்.

எண்பதுகளின் நடுவில், வேறோர் ஆஸ்பத்திரியில் நான் வேலை செய்தபோது அந்த மனைவியைத் திரும்பக் கண்டேன். மகளின் பிரசவத்துக்கு வந்திருந்தார். கை நிறைய வளையல். கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லா இரிக்காரு. தின்டு எழும்பினா தின்ட கையோட ஒறங்கிருவாரு மிஸ்ஸி. பகலெண்டு இல்ல, ஆக்கள் வந்திரிக்காங்க எண்டு இல்ல."

"எழுப்ப மாட்டீங்களா?"

"எழுப்ப மனம் வராது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டு இரிப்பன்," என்று சொல்லிவிட்டு மகளின் கட்டிலைப் பார்க்கப் போனார்.